ரெசின் பாறையில் வேலூர் மலையைக் கொண்டுவருவது எப்படி?

காலை ஏழு மணி வெயிலில் வேலூரைச் சுற்றி நிற்கும் மலைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பாறை என்றால் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அங்கே தெரிவதோ மங்கிய பழுப்பு, இடையிடையே லேசான செம்மை, மழைநீர் வழிந்த தடத்தில் கருப்புக் கோடுகள். கல் உடைத்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கும். மாடல் ரயிலுக்கு ரெசின் பாறை (பிளாஸ்டிக் போன்ற ரெசினை அச்சில் வார்த்துச் செய்த குட்டிப் பாறை) வாங்கியதும் சாம்பல் பெயின்டை எடுத்து முழுக்கப் பூசிவிட்டால், அது சிமென்ட் உருண்டையாகத்தான் நிற்கும்.

நான் அமைத்துவருவது வாலாஜா ரோட்டிலிருந்து காட்பாடி வரையிலான பாதையோரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதனால் இந்தப் பக்கத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம். அளவு ஹெச்ஓ, அதாவது 87-இல் ஒரு பங்கு. இதில் ஓர் அடி என்பது 3.5 மில்லிமீட்டர். ஐந்தரை அடி ஆள் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவார். உங்கள் உள்ளங்கையில் இருக்கும் பாறை அவருக்கு இரண்டு மாடி உயரம்.

முதலில் கழுவ வேண்டும்

வார்த்த ரெசின் அச்சிலிருந்து சுலபமாக வெளியே வருவதற்காக அச்சுக்குள் ஒரு வழுக்குப் பொருளைத் தடவுவார்கள். அது வார்ப்பின் மேலும் ஒட்டிக்கொண்டு வரும், கண்ணுக்குத் தெரியாது. நான் முதலில் பெயின்ட் அடித்த ரெசின் கல் சுவரைக் கழுவவில்லை. மூன்று நாள் வேலை. ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பை எடுத்தபோது பெயின்டும் தோல் உரிவது போல அதோடு வந்துவிட்டது. பிறகு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த அண்ணனிடம் காட்டினேன். "எண்ணெய்ப் பசை இருந்தா எந்த பெயின்டும் நிக்காது சார், சுவரானாலும் சரி, இதுவானாலும் சரி" என்றார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விடை நாலு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் சந்துபொந்தெல்லாம் தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசி ஒரு நாள் காயவிடுங்கள். அதன் பிறகு வெறும் விரலால் அடிக்கடி தொடாதீர்கள். சுவரோ பிளாட்பாரமோ வளைந்திருந்தால், கை பொறுக்கும் அளவைவிடச் சற்று அதிகச் சூடான தண்ணீரில் ஓரிரு நிமிடம் வைத்து, இடுக்கியால் எடுத்து, சமமான பலகையில் அழுத்தி ஆறவிட்டால் நேராகிவிடும்.

ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிசிறை பிளேடால் சீவுங்கள். காற்றுக் குமிழி விட்ட ஓட்டைகளைப் பட்டி வைத்து அடையுங்கள். பாறையில் சில ஓட்டைகள் இருந்துவிட்டுப் போகட்டும், சுவரில்தான் கூடாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், கட்டாயம் மாஸ்க் போட வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

ப்ரைமர்

பெயின்ட் பிடித்து நிற்பதற்கான அடிப்பூச்சு இது. ஸ்ப்ரே ப்ரைமரில் வெளிர் சாம்பல் வாங்குங்கள். மொட்டை மாடியில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் பாறையை வைத்து, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். நம் ஊரை வெயிலூர் என்று சொல்வது சும்மா இல்லை. சித்திரை, வைகாசி மதியத்தில் அடித்தால் பெயின்ட் பாதி வழியிலேயே காய்ந்து, மேலே மணல் தூவியது போலச் சொரசொரவென்று ஒட்டும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நிறம்

இனி நிதானமாகச் செய்ய வேண்டிய இடம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் போதும்: கருப்பு, வெள்ளை, ரா அம்பர் (பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்).

ஓக்கரையும் ரா அம்பரையும் தனித்தனியாக, மோர் போல ஓடும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். பாறையில் அங்கங்கே திட்டுத் திட்டாக ஓக்கர். அது ஈரமாக இருக்கும்போதே இடைவெளிகளில் அம்பர். சில இடங்களை ப்ரைமரோடு அப்படியே விடுங்கள். இப்போது பார்க்கச் சிறுத்தைத் தோல் மாதிரி அசிங்கமாக இருக்கும். பயப்படாமல் காயவிடுங்கள்.

அடுத்து ஒரு பங்கு கருப்போடு கொஞ்சம் அம்பர் கலந்து, பத்துப் பங்கு தண்ணீரும் ஒரே ஒரு சொட்டு சோப்பு லிக்விடும் சேருங்கள். சோப்பு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் விரிசலுக்குள் இறங்கும். மேலிருந்து விடுங்கள். கருப்பு தானே வழி தேடி ஓடும், வெடிப்பில் தங்கும், மேடுகளில் மெல்லிய படலமாக நிற்கும். அதுவரை கூச்சல் போட்ட திட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அடியில் குளமாகத் தேங்கினால் டிஷ்யூ நுனியால் ஒற்றி எடுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் டிரை பிரஷ். வெள்ளையில் துளி ஓக்கர் கலந்து, பழைய தட்டைப் பிரஷ்ஷின் நுனியில் மட்டும் தொட்டு, துணியில் தேய்த்துத் தேய்த்துப் பெயின்டே இல்லை என்று தோன்றும்வரை துடையுங்கள். அந்தப் பிரஷ்ஷை மேடுகளின் குறுக்கே லேசாக வருடுங்கள். ஒவ்வொரு விளிம்பாக மேலே எழுந்து வரும். எனக்கு இன்றைக்கும் கை நின்றுவிடுகிற நேரம் அது.

கல் சுவர் என்றால் ஒருமுறை வேலூர்க் கோட்டை அகழி ஓரம் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லிலிருந்து அரைத் தொனி மாறியிருக்கும். நாலைந்து கற்களுக்கு மட்டும் சற்றே வேறு நிறம் கொடுத்தால் போதும், எல்லாவற்றுக்கும் கொடுத்தால் விளையாட்டுப் பொருளாகிவிடும். தண்டவாளத்தை ஒட்டிய அடிப்பகுதியில் சியன்னாவை நீர்க்கக் கரைத்துத் தடவுங்கள். பிரேக் தூசும் துருவும் அங்கேதான் படியும்.

கடைசியாகப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. மழைக்கால ஈரத்தில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும்.

ரெசின் மேல் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. பாறையின் அடியில் அரால்டைட் (எபாக்சி பசை) வைத்து ஒட்டுங்கள். பிறகு அதன் காலடியில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி, டீ வடிகட்டியில் சலித்த செம்மண்ணைத் தூவினால் பலகைக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் கோடு மறைந்துவிடும். காய்ந்ததும் கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, விளக்கை ஒரு பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை விளிம்பு எங்காவது துருத்திக்கொண்டு தெரிந்தால், மீதமிருக்கும் கருப்பு நீரில் ஒரு தொடு தொடுங்கள்.