ஆர்.பி.எஸ்.3 புரதத்தைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள்

மனித ரைபோசோமின் (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பின்) 40எஸ் என்னும் சிறு பகுதியில் இருக்கும் ஆர்.பி.எஸ்.3 புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் ஹிஸ்-டேக்குடன் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) தயாரித்து, அந்த வாலைப் பிடிக்கும் நிக்கல் பத்தியில் பிடித்தால், ஜெல்லில் ஒரே பட்டையாக வந்துவிடலாம். பெரும்பாலான தவறுகள் அந்தப் பட்டையை நம்புவதில்தான் தொடங்குகின்றன. 243 அமினோ அமிலங்கள், 26.7 கிலோடால்டன், ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (நிகர மின்சுமை பூஜ்யமாகும் பி.எச்.) 9.7 அளவில். அதாவது பி.எச். 7.5-இல் நேர்மின் சுமை மிகுந்த புரதம், ஈ.கோலையின் ஆர்.என்.ஏ.வை அள்ளிக்கொண்டு வரும். ஜெல்லில் புரதத்தைக் காட்டும் கூமாசி சாயத்தில் ஆர்.என்.ஏ. தெரியாது.

புரதச் செறிவைக் காட்டும் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் அளவீடு இங்கே மோசமாக ஏமாற்றும். அந்த ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலங்களில் இதில் இருப்பது 1 டிரிப்டோபன், 6 டைரோசின் மட்டும். அதனால் 1 மி.கி./மி.லி. கரைசலின் உறிஞ்சல் 0.54 தான். அதில் வெறும் 20 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. கலந்திருந்தாலே இன்னொரு 0.25 சேர்ந்துவிடும். 1 மி.கி. என்பது கிட்டத்தட்ட 1.5 மி.கி. என்று காட்டும். 260/280 விகிதம் சுத்தமான புரதத்தில் 0.6 பக்கம் இருக்க வேண்டும். 1-ஐத் தொட்டால் செறிவுக் கணக்கை நம்பாதீர்கள். சாயத்தால் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறையும் முழுத் தீர்வல்ல: அந்தச் சாயம் முக்கியமாக ஆர்ஜினினைப் பிடிப்பதால், பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின்) புரதத்தை வைத்துப் போட்ட அளவுகோல் வளைவு இந்தப் புரதத்துக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை.

ஆர்.என்.ஏ.வை நீக்க ஆர்.என்.ஏஸ் ஏ என்ற ஆர்.என்.ஏ. வெட்டும் நொதியைப் போடுவது வழக்கமான குறுக்குவழி. அதுவும் காரத்தன்மை கொண்ட புரதம்தான், நேர்மின் புரதங்களைப் பிடிக்கும் எஸ்.பி. பத்தியிலும் கூடவே வரும், பிறகு உங்கள் ஆர்.என்.ஏ. பிணைப்புச் சோதனையைத் தின்றுவிடும். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டையும் வெட்டும் பென்சோனேஸ் நொதி நல்லது, ஆனால் வரிசை முக்கியம். அதிக உப்பில் அது மந்தமாகிவிடும். ஆகவே முதலில் குறைந்த உப்பு, 2 மில்லிமோலார் மெக்னீசியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கூடவே கூடாது, அதற்குப் பிறகுதான் நிக்கல் பத்தியில் 1 மோலார் சோடியம் குளோரைடு கொண்டு கழுவ வேண்டும்.

ஆர்.என்.ஏ. போனதும் அடுத்த வம்பு: புரதம் உப்பைக் கேட்கும். உப்பில்லாத தாங்கல் கரைசலில் டயாலிசிஸ் செய்து மறுநாள் பையில் வெள்ளைத் துகள் பார்ப்பவர்கள் ஏராளம். 20 மில்லிமோலார் ஹெப்பீஸ் பி.எச். 7.5, 300 மில்லிமோலார் உப்பு, 10 சதவீதம் கிளிசரால், 1 மில்லிமோலார் டி.டி.டி. (மூன்று சிஸ்டீன் இருக்கின்றன, அவை ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்க), சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரி: இது பாதுகாப்பான தொடக்கம். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். சோதனைக்கு எடுக்கும்போது அதிவேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, மேல்திரவத்தை மட்டும் எடுத்துச் செறிவை மறுபடி அளந்துகொள்ளுங்கள். நானோமோலார் அளவுக்கு நீர்த்தால் குழாய்ச் சுவரில் ஒட்டிக் காணாமல் போகும். புரதம் எளிதில் ஒட்டாத லோ-பைண்ட் குழாயும் 0.01 சதவீத ட்வீன்-20 சோப்புப்பொருளும் வேண்டும்.

மிகப் பெரிய பொறி, செயல்பாட்டுச் சோதனையில். நியூக்ளியோபேஸ் (ஏ, டி, ஜி, சி எழுத்து) உதிர்ந்த டி.என்.ஏ. இடத்தை, அதாவது ஏ.பி. தளத்தை, ஆர்.பி.எஸ்.3 வெட்டும் என்பது வெளியான ஆய்வு முடிவு. ஆனால் அதே தளத்தை வெட்டும் நொதிகள் ஈ.கோலையிலேயே பல உண்டு. ஈ.டி.டி.ஏ. சேர்த்தால் எக்ஸோநியூக்ளியேஸ் III நிற்கும். எண்டோநியூக்ளியேஸ் III, IV இரண்டும் நிற்காது. புரத அளவில் துளி கலப்படம் போதும், வெட்டு தெரியும். போதாக்குறைக்கு, லைசினின் அமினோ தொகுதியே ஏ.பி. தளத்தை மெல்ல உடைக்கும். அதனால் வெற்று வெக்டர் (ஆர்.பி.எஸ்.3 மரபணு இல்லாத பிளாஸ்மிட்) உள்ள செல்களிலிருந்து அதே பத்தியில் எடுத்த பின்னம், அதே மோலார் அளவில் லைசோசைம் (தொடர்பற்ற இன்னொரு நேர்மின் புரதம்), அதே உப்புள்ள தாங்கல் மட்டும் என மூன்று கன்ட்ரோலும் இல்லாத ஜெல்லை யாரும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

செல்களில் சேர்ப்பதானால் எண்டோடாக்சினைப் (ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சுப்பொருள்) பாருங்கள். நேர்மின் புரதங்கள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆர்.பி.எஸ்.3 தொடர்புடைய என்.எஃப்.-கப்பா-பி என்ற அழற்சிச் சமிக்ஞைப் பாதையையே எண்டோடாக்சினும் தூண்டுகிறது. நிக்கல் பத்தியில் டிரைடான் எக்ஸ்-114 சோப்புப்பொருள் கொண்டு கழுவிய பின், ஒரு பங்கை 95 டிகிரியில் 10 நிமிடம் கொதிக்கவைத்து இணையாகச் சோதியுங்கள். எண்டோடாக்சின் அந்தச் சூட்டைத் தாங்கும். கொதித்த பங்கும் அதே சிக்னலைத் தந்தால், ஆர்.பி.எஸ்.3 பற்றி எதுவும் எழுதுவதற்கு முன் புரதத்தை மறுபடி சுத்தம் செய்யுங்கள்.