அலாஸ்காவில் திமிங்கிலம் பார்க்க

தென்கிழக்கு அலாஸ்காவில், தீவுகளுக்கு நடுவே போகும் கடல்வழியான இன்சைட் பாசேஜில் பல நாள் படகுப் பயணம் போகிறவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேதி பாருங்கள். ஹவாய்ப் பக்கம் குளிர்காலத்தைக் கழித்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இரைக்காக அங்கே வந்திருக்கும்.

பைனாகுலர் 7×50 (ஏழு மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முன்லென்ஸ்) போதும். அதிகப் பெருக்கம் இருந்தால் படகின் ஆட்டத்தில் எதுவும் கண்ணில் நிற்காது. முதலில் வெறுங்கண்ணால், தொலைவில் வெண்புகையாக எழும் மூச்சைத் தேடுங்கள். சில முறை மூச்சுவிட்டு, முதுகை நன்றாக வளைத்து வாலைத் தூக்கினால் ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம். மறுபடி வர ஐந்து, பத்து நிமிஷம் ஆகலாம். நிதானமாக ஒரு காபி குடிக்கலாம்.

ஆனால் கடற்காகங்கள் ஒரே இடத்தில் கூச்சலிட்டு வட்டமடித்தால் அசையாதீர்கள். கீழே திமிங்கிலங்கள் கூட்டாகக் குமிழி விட்டு, ஹெர்ரிங் மீன்களை வளைத்துக்கொண்டிருக்கலாம். திடீரென்று எல்லாம் வாயைப் பிளந்தபடி ஒன்றாக மேலே வரும். அந்த நேரத்தில் கேமராவைத் தேடினால் போச்சு!

அலை இறங்கிக் கடல்நீர் உள்வாங்கும் நேரத்தில் கரையையும் கவனியுங்கள், கரடி வரும்.

வாந்தி மாத்திரையைத் தலைசுற்றல் வருமுன்பே போட்டுக்கொள்ளுங்கள். கேப்டனிடம் "இன்னும் கிட்டே" என்று நச்சரிக்காதீர்கள். கூன்முதுகுத் திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள் நெருங்க அங்கே சட்டப்படி தடை.