இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனா? முதலில் வீட்டைத் தயார் செய்யுங்கள்

இடுப்பு மூட்டைச் சின்னக் கீறல் போட்டு மாற்றுகிற ஆபரேஷன் என்றதும் பலர், சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பழைய முறையில் 20, 25 செ.மீ. வரை கீறுவார்கள், இதில் 8 முதல் 10 செ.மீ. போதும், தசையும் அவ்வளவு சேதமாகாது. ஆனால் உள்ளே தேய்ந்த எலும்பை அறுத்து எடுத்துச் செயற்கை மூட்டைப் பொருத்துகிற வேலை அதேதான். காப்பீட்டு அட்டை இருந்தால் மதுரை அரசு பெரியாஸ்பத்திரியிலும் ஒரு எட்டு விசாரித்துவிடுங்கள்.

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, இடுப்பின் முன்பக்கமாகக் கீறி மூட்டுக்குப் போகிறாரா, பின்பக்கமாகவா என்பது. பின்பக்கம் என்றால் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. முன்பக்கம் என்றால் காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் ஆபத்து. எத்தனை வாரத்துக்கு என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீடு. கயிற்றுக் கட்டில் வேண்டவே வேண்டாம், உட்கார்ந்தால் தொய்ந்து முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிடும். கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி, வெஸ்டர்ன் டாய்லெட், அது தாழ்வாக இருந்தால் மேலே வைக்கிற உயரச் சீட். கால் தடுக்குகிற பாய், மிதியடி எல்லாவற்றையும் சுருட்டி வையுங்கள்.

உசிலம்பட்டி, மேலூர் பக்கம் வீடு என்றால் டிஸ்சார்ஜ் அன்று ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் எதுவும் வேண்டாம், கார்தான். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்த்து, முதலில் முதுகு காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே கொண்டுவர வேண்டும்.

வாக்கர் பிடித்து நடக்கும்போது முதலில் வாக்கரை நகர்த்துங்கள், அடுத்து ஆபரேஷன் செய்த கால், அப்புறம் நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள், ரத்தம் உறையாமல் இருக்க அது முக்கியம்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களில் ஒருவராவது "வீங்கியிருக்கே, எண்ணெய் போட்டு நீவி விடவா?" என்பார். விடாதீர்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், நீவினால் அது நுரையீரலுக்கு நகரக்கூடும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.