ஜியாய்டு கணக்கில் சறுக்கும் இடங்கள்

சென்னைக் கடற்கரையில் நின்று ஜிபிஎஸ் கருவியில் எலிப்சாய்டு உயரத்தைப் பாருங்கள். எலிப்சாய்டு என்பது பூமிக்குக் கணக்கில் கொடுத்த, சற்றே தட்டையான உருண்டை வடிவம். மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். கருவியில் கோளாறு ஏதுமில்லை. இலங்கைக்குத் தெற்கே ஜியாய்டு, அதாவது பூமியின் ஈர்ப்பு வகுக்கும் சராசரிக் கடல்மட்டப் பரப்பு, எலிப்சாய்டைவிட சுமார் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில் நாம் இருக்கிறோம். இந்தச் சரிவைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் வரைய வேண்டுமென்றால் ஈர்ப்பு அளவுகளில் கை சறுக்கக் கூடாது.

முதலில் மலை. ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டரைத் தூக்கிக்கொண்டு யாரும் சிகரம் ஏறுவதில்லை. ஜீப் போகிற பள்ளத்தாக்குச் சாலையோரம்தான் அளவுகள் கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைச் சதுரக் கட்டங்களாக (கிரிட்) பிரித்தால், ஒரு கட்டத்தின் சராசரி உயரம் 1,800 மீட்டர், அதிலுள்ள அளவுப் புள்ளிகளின் சராசரி 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீ ஏர் மதிப்புகளை (உயரத்துக்கு மட்டும் திருத்திய ஈர்ப்பு வேறுபாடுகளை) அப்படியே கிரிட் ஆக்கினால், மீட்டருக்கு 0.11 மில்லிகால் (ஈர்ப்பின் அலகு) வீதம், 30 மில்லிகாலுக்கு மேல் குறைந்துபோகும். மலைப் பாறையின் ஈர்ப்பையும் கழித்த, உயரத்தோடு அதிகம் ஆடாத பூகேர் மதிப்பை கிரிட் ஆக்கிவிட்டு, கட்டத்தின் உண்மையான சராசரி உயரத்தைக் கொண்டு ஃப்ரீ ஏருக்குத் திரும்புவதே வழி.

அடுத்தது பழைய தரவு. ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் அளந்த பழைய ஈர்ப்பு மதிப்பின் அடிப்படையில் எடுத்த அளவுகள் 1971 உலக ஈர்ப்பு வலையமைப்பைவிட சுமார் 14 மில்லிகால் கூடுதல். இதைப் பலரும் ஞாபகமாகக் கழித்துவிடுவார்கள். அளவிலிருந்து கழிக்க வேண்டிய இயல்பான ஈர்ப்பைத் தரும் 1930 சூத்திரத்தை மாற்ற மறப்பார்கள். அதுவும் நம் அட்சரேகையில் இன்றைய சூத்திரத்தைவிட சுமார் 16 மில்லிகால் கூடுதல். இரண்டும் பழையதாகவே இருந்தால் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அரைகுறையாகத் திருத்துவதுதான் ஆபத்து. 100 கி.மீ. ஆரத்துக்கு 1 மில்லிகால் ஒரே பக்கமாகப் பிசகினால் ஜியாய்டு 10 செ.மீ. நகரும். 16-க்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இஜிஎம்2008 போன்ற உலக ஈர்ப்பு மாதிரியைக் கழித்த பிறகு, மலைகளின் ஈர்ப்பை நீக்கும் நிலப்பரப்புத் திருத்தத்தை முழுசாகப் போடுவதும் நடக்கிறது. பெரிய மலைகளின் ஈர்ப்பு அந்த மாதிரியிலேயே இருப்பதால், ஒரே மலையை இரண்டு தடவை கழிப்பது அது.

இத்தனையையும் மூடி மறைக்கிற இடம் கடைசிப் பொருத்தம். கடல்மட்டத்திலிருந்து உயரம் தெரிந்த, ஜிபிஎஸ்ஸும் வைத்து அளந்த பெஞ்ச்மார்க்குகளுக்கு ஏற்ப ஒரு திருத்தப் பரப்பை வளைத்து, அதே புள்ளிகளில் சோதித்து, '2 செ.மீ. வந்துவிட்டது' என்பார்கள். வராமல் என்ன செய்யும்? பெஞ்ச்மார்க்குகளிலும் பிசகு உண்டு: இந்தியாவின் 1909 உயர வலையமைப்பு, ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தை ஒரே உயரமாகக் கொண்டது.

நான் பாதிப் புள்ளிகளைப் பொருத்தத்துக்குத் தராமல் ஒதுக்கி வைத்துவிடுவேன். பிறகு திருத்தப் பரப்பை மட்டும் தனியாக வரைந்து பார்ப்பேன். அதில் மலைத்தொடரின் உருவம் தெரிந்தால், திரும்ப கிரிட் போட்ட இடத்துக்கே போக வேண்டியதுதான்.