ஹிஸ்டரி கனெக்‌ஷன் சொல்றவங்க சறுக்குற இடங்கள்

"இவருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு தெரியுமா"ன்னு ஆரம்பிக்கிற போஸ்ட் எனக்கும் ரொம்பப் பிடிக்கும், ஆனா அதுல பல மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு.

முதல் தப்பு தேதில. கலிலியோ செத்த வருஷமே நியூட்டன் பொறந்தார்னு சுத்திட்டே இருக்கு. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, அது இத்தாலியோட புது காலண்டர், நியூட்டன் பொறந்தது 1642 கிறிஸ்மஸ் அன்னைக்கு, ஆனா இங்கிலாந்துல அப்போ பழைய ஜூலியன் காலண்டர், 10 நாள் பின்னாடி ஓடிட்டு இருந்துச்சு. இத்தாலி கணக்குல பாத்தா அது 1643 ஜனவரி 4. இங்கிலாந்து புது காலண்டருக்கு வந்தது 1752லதான், அதனால அதுக்கு முன்னாடி நடந்ததுல "ஒரே நாள், ஒரே வருஷம்"னு அடிச்சு விடுறதுக்கு முன்னாடி எந்த காலண்டர்னு பாத்துக்கோங்க.

அடுத்தது சொந்தக்காரங்க மேட்டர். முதல் உலகப்போர்ல இருந்த மூணு ராஜாக்களும் பிரிட்டன் மகாராணி விக்டோரியாவோட பேரன்கள்னு சொல்றாங்க. இல்ல. பிரிட்டன் ஜார்ஜும் ஜெர்மனி வில்ஹெல்மும்தான் பேரன்கள், ரஷ்யா நிக்கோலஸ் விக்டோரியாவோட பேத்தியைக் கட்டிக்கிட்டவர். நம்ம முறைல சொன்னா வில்ஹெல்ம் ஜார்ஜுக்கு அத்தை பையன், நிக்கோலஸ் சித்தி பையன் (ரெண்டு பேரோட அம்மாவும் டென்மார்க் அக்கா தங்கச்சி). அதுக்காக இது குடும்பச் சண்டைன்னும் எழுதாதீங்க, பிரிட்டன்ல போர் முடிவு எடுத்தது அமைச்சரவை. சொந்தம் எவ்ளோ தூரம் வரும்னு தெரியணும்னா 1917 பாருங்க, பதவி போன நிக்கோலஸுக்கு இடம் தர்றோம்னு சொன்ன பிரிட்டன் பின்வாங்குச்சு, அரண்மனையே வேணாம்னு அழுத்தம் குடுத்துச்சு.

இப்போ என் ஃபேவரிட், பிரிட்டிஷ் ஜெனரல் சார்லஸ் ஓ'ஹாரா. வாஷிங்டன் கிட்டயும் நெப்போலியன் கிட்டயும் வாளைக் குடுத்து சரணடைஞ்ச ஒரே ஆள்னு போடுவாங்க. ஆள் நிஜம், அந்த வாள் மேட்டர்தான் மிகை. 1781ல அமெரிக்க சுதந்திரப் போர்ல யார்க்டவுன்ல தோத்தது பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு இவரை அனுப்பிட்டார். இவர் நேரா அமெரிக்கா பக்கம் சண்டை போட்ட பிரெஞ்சு ஜெனரல் ரோஷாம்போ பக்கம் போக, அவர் வாஷிங்டனைக் காட்ட, வாஷிங்டனோ நீ டெபுடிதானே, என் டெபுடியைப் பாருன்னு பெஞ்சமின் லிங்கன் பக்கம் தள்ளி விட்டுட்டார். 1793ல பிரான்ஸ் துறைமுகமான டூலோன்ல நடந்த சண்டைல ஓ'ஹாரா காயம் பட்டு பிரெஞ்சுக்காரங்க கிட்ட மாட்டினார், நெப்போலியன் அங்க இருந்தது உண்மை, ஆனா பீரங்கிப் பிரிவு ஆபீசரா, படைத் தளபதி டுகோமியே.

கார்ன்வாலிஸ் கதை யார்க்டவுனோட முடிஞ்சுதுன்னு நினைக்கிறதும் தப்பு. 1786லயே இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா வந்துட்டார், 1792ல திப்பு சுல்தானோட ரெண்டு பசங்களைப் பணயமா வாங்கினவர் இவரேதான். சென்னை கோட்டை மியூசியத்துல இவர் சிலை இருக்கு, போனா பீடத்தைப் பாருங்க, அந்தப் பசங்களை ஒப்படைக்கிற சீனைத்தான் செதுக்கி வெச்சிருக்காங்க, யார்க்டவுனை யாரும் செதுக்கல.

அப்புறம் அந்த சர்ச்சில் கதை. பென்சிலின் கண்டுபிடிச்ச ஃபிளெமிங்கோட குடும்பம் சின்ன வயசுல அவரைக் காப்பாத்துச்சாம், பின்னாடி ஃபிளெமிங்கோட பென்சிலின் மறுபடி காப்பாத்துச்சாம். முதல் பாதிக்கு ஆதாரமே கிடையாது, 1943 நிமோனியாவுக்கு அவருக்குக் குடுத்தது பென்சிலின் இல்ல, சல்ஃபா மாத்திரைங்கிற வேற மருந்து. அதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க ப்ளீஸ்.