விகடகவி எண்ணில் வழுக்கும் இடங்கள்

குன்னூரில் மாலை நேரத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மலையேறும் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. எதிரே வரும் டி.என். 43 வண்டிகளில், விகடகவி மாதிரி எப்பக்கம் வாசித்தாலும் மாறாத நம்பரைப் பிடிக்க வேண்டும். 4774, 2112 என்று.

ஒருத்தி 0110-ஐயும் சேர்த்துக்கொண்டாள். நம்பர் பிளேட்டுக்குச் சரி, எண்ணுக்குச் சரியில்லை. முன்னால் நிற்கும் பூஜ்யத்தை எடுத்தால் வெறும் 110. பூஜ்யத்தில் முடியும் எந்த எண்ணும் இந்தக் கூட்டத்தில் சேராது (பூஜ்யம் மட்டும் விதிவிலக்கு).

நாலு இலக்க விகடகவி என்றால் கண்ணை மூடிக்கொண்டு 11-ஆல் வகுக்கலாம். 4774 என்பது 4 × 1001 + 7 × 110. 1001, 110 இரண்டுமே 11-இன் மடங்கு, அவ்வளவுதான். இலக்க எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் எத்தனை பெரிய எண்ணுக்கும் இது பொருந்தும். அதனால் அந்த வகையில் 11-ஐத் தவிர வேறு பகா எண் கிடையாது. உடனே, "அப்போ ஒற்றைப்படை இலக்கம்னா 11-ல வகுபடாதா சார்?" என்று கேட்பார்கள். 121-ஐ மறந்துவிடுகிறார்கள்!

பெரிய சறுக்கல் இனிமேல்தான். 11-இன் வர்க்கம் 121, 111-இன் வர்க்கம் 12321. இப்படியே ஒன்பது ஒன்றுகள் வரை போனால் 12345678987654321. பத்து ஒன்றுகளுக்கும் அப்படியே வரும் என்று எழுதிவிடுவார்கள். காகிதத்தில் பெருக்கிப் பாருங்கள். நடு வரிசையில் பத்து ஒன்றுகள் சேரும். 0 போட்டு 1 மீதி. அடுத்த வரிசையில் 9-உடன் அந்த 1 சேர, மறுபடி 0 போட்டு 1 மீதி. விடை 1234567900987654321. அழகு குலைந்துவிட்டது.

கம்ப்யூட்டரை நம்புவதும் ஆபத்து. ஒன்பது ஒன்றுகளில் வந்த அந்த 17 இலக்க எண்ணை விரிதாளில் அடித்தோம். கடைசி 21 போய் 00 வந்து நின்றது. அது 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு அடித்தால் இலக்கங்கள் அப்படியே நிற்கும், ஆனால் கணக்குப் போட முடியாது.

"அதே 17 இலக்க எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 81, அதனால் 81-ஆல் வகுபடும்" என்றான் ஒருவன். விடை சரி, காரணம் தப்பு. கூட்டுத்தொகை விதி 3-க்கும் 9-க்கும்தான். 49149-இன் கூட்டுத்தொகை 27; 27-ஆல் வகுத்தால் 9 மீதி வரும். இங்கே வகுபடுவதற்குக் காரணம், 111111111 என்பது 9 × 12345679. அதை வர்க்கமாக்கும்போது 81 கிடைக்கிறது.

அப்புறம், விகடகவி வரும்வரை எண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டிக்கொண்டே போகும் வித்தை. 56 + 65 = 121, ஒரே அடி. 89-க்கு 24 அடி. வந்து நிற்பது 8813200023188. 196-க்குக் கணினியில் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை கூட்டிப் பார்த்துவிட்டார்கள், விகடகவி வரவில்லை. வரவே வராது என்பதற்கு நிரூபணமும் இல்லை. பையன் நோட்டில் "வராது" என்று எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு "இதுவரை வரவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.