ஆவாரையை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

அரூர், ஊத்தங்கரைப் பக்கம் சாலையோரம் எங்கு பார்த்தாலும் ஆவாரை. அதைத் தோண்டி வந்து வீட்டில் நட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும், அறுந்தால் செடி பெரும்பாலும் பிழைக்காது. விதைதான் சரியான வழி.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள். ஆவாரை சென்னா பேரினத்தைச் சேர்ந்தது. தகரை, சீமை அகத்தி, நிலாவாரை எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். இலைக்காம்பின் அடியில் காது மாதிரி அகலமான, இலை போன்ற செதில்கள் இருந்தால் அது ஆவாரை. மஞ்சள் பூவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இதே பேரினத்தில் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்று ஒரு வெளிநாட்டு மரம் உண்டு. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, இப்போது அதை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து விதை. பச்சைக் காய் வேண்டாம். காய் பழுப்பாகி, காகிதம் போல் காய்ந்த பிறகு பறித்து உதிர்த்துக்கொள்ளுங்கள். துளை விழுந்த விதைகளைக் கழித்துவிடுங்கள்.

முளைக்க வைப்பதில்தான் பலரும் தோற்கிறார்கள். விதைத்தோல் கெட்டி, தண்ணீர் லேசில் உள்ளே போகாது. அப்படியே மண்ணில் போட்டால் ஒன்றிரண்டு முளைக்கும், மற்றவை மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். கொதி அடங்கியதும் விதைகளைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். அடுப்பில் வைத்தே வேகவிட்டால் விதை செத்துவிடும். காலையில் உப்பியவற்றை உடனே விதைக்கலாம். உப்பாததை உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். முளை வரும் முனையைத் தேய்க்க வேண்டாம்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கொஞ்சம் மக்கிய எரு. ஆழமான நாற்றுப் பையில் இதை நிரப்பி, அரை அங்குல ஆழத்தில் பைக்கு இரண்டு விதை. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஓரிரு வாரத்தில் முளைத்துவிடும். ஆடியில் விதைத்தால் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு நடலாம். நடும்போது பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். நல்ல வெயில் படும் இடமாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கக் கூடாது.

வேர் பிடித்த பிறகு கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுவதே நல்லது. தினமும் தண்ணீர், மூட்டை மூட்டையாக எரு என்று கவனித்தால் இலைதான் மண்டும், பூ குறையும். முதல் வருடம் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

இலையில் பச்சைப் புழு வந்தால் மருந்து அடிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும். தின்றுவிட்டுப் போகும், செடி மறுபடி துளிர்க்கும். பூவைக் காய வைத்துத் தேநீர் போடுபவர்கள் மருந்துப் பக்கமே போகக் கூடாது.

கவாத்துக்குத் தனியாக நாள் பார்க்க வேண்டாம். போகிக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் ஒடிப்போம் அல்லவா? அப்போதே நீண்ட கிளைகளையும் சேர்த்து வெட்டிவிடுங்கள். விதைக்கு மட்டும் காயுள்ள ஒரு கிளையை விட்டுவைத்தால் போதும்.